மூன்று சீசனும் ஒரு ஃப்ரீசரும்: கையில் இருக்கிற காசுக்குள் ஜாம்

பழத்தை மணிக்கணக்கில் அடுப்பில் போட்டுக் கிண்டாமல், பச்சையாகவே மசித்து, சீனியும் புளிப்பும், ஜாமைக் கெட்டியாக்குகிற பெக்டினும் சேர்த்து, ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் பயன்படுத்துவதுதான் ஃப்ரீசர் ஜாம். வழக்கமான ஜாம் அலமாரியிலேயே கெடாமல் இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் அது கொதித்த கொதியும், அதில் இருக்கிற சீனியின் அளவும். ஃப்ரீசர் ஜாமைக் காப்பாற்றுவது குளிர். அதனால் பழத்தை வேகவைத்து வேகவைத்து அதன் வாசனையைப் போக்கடிக்க வேண்டியதில்லை. மாம்பழ ஜாம் டப்பாவைத் திறந்தால் மாம்பழமே மணக்கும். அந்த மணத்துக்காகத்தான் நான் இதில் இறங்கினேன். காசும் மிச்சமாகும் என்பது செய்யச் செய்யத்தான் தெரிந்தது.

ஆனால் முதலில் கையில் கிடைக்கிற குறிப்புகளைப் படித்தால் மலைப்பாக இருக்கும். எல்லாமே வெளிநாட்டுக் குறிப்புகள். பழம் என்றால் ஸ்ட்ராபெரி, கூடவே ஒரு பாக்கெட் பெக்டின். ரெண்டு கப் மசித்த பழத்துக்கு நாலு கப் சீனி என்பார்கள். பாளையங்கோட்டையில் ஸ்ட்ராபெரி எப்போதாவது சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் வரும். அந்த விலைக்கு ஒரு கூடை மாம்பழம் வாங்கிவிடலாம். பெக்டின் தூள் கேட்டு எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்குப் போனேன். அண்ணாச்சி, "அப்படியா? அது மெடிக்கல்ல கேக்க வேண்டியதுல்லாம்மா, இங்க ஏது?" என்றார். ஆன்லைனில் கிடைக்கிறதுதான். வாங்கினால் ஜாமின் செலவில் பெரும்பங்கு அந்தத் தூளுக்கே போய்விடும். சிக்கன ஜாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெக்டினுக்கு இங்கே கொய்யா இருக்கிறது. விளாம்பழமும் இருக்கிறது, ஆனால் அதன் வாசனை மற்ற பழத்தை அமுக்கிவிடும். எலுமிச்சையின் விதையிலும் வெள்ளைத் தோலிலும் பெக்டின் உண்டு. இந்த மூன்றில் மலிவும் நிச்சயமும் கொய்யாதான். பெக்டின் என்பது பழத்தின் சதையைப் பிடித்து நிறுத்தி வைக்கிற பசை. காய் பழுக்கப் பழுக்க அது உடைந்து கரைந்துகொண்டே போகும். அதனால் கமகமவென்று குழைந்த கொய்யா இந்த வேலைக்கு ஆகாது. பச்சை மாறி லேசாக வெளுத்து, அழுத்தினால் கல் மாதிரியும் இல்லாமல் அமுங்கியும் போகாமல் இருக்கிற செங்காய்ப் பருவம் வேண்டும். சாப்பிட வாங்குகிறவர்கள் ஒதுக்கி வைக்கிற காய் அது. வண்டிக்காரரிடம் கேட்டால் அதையே பொறுக்கிக் கொடுப்பார், விலையும் குறைத்துப் போடுவார்.

ஒரு கிலோ கொய்யாவைக் கழுவித் தோலோடும் விதையோடும் மெல்லிசாக நறுக்கிக்கொள்ளுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டுப் பழம் மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர், ஏறக்குறைய ஒரு லிட்டர். ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு. பிழிந்த எலுமிச்சையின் விதையைத் துணியில் முடிந்து உள்ளே போட்டால் இன்னும் நல்லது. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்புப் பட்டால் உலோகம் சாற்றில் இறங்கும். அரை மணி நேரம் மிதமான தீயில் கொதிக்கட்டும். கிண்டிக்கொண்டே நிற்க வேண்டிய வேலை இல்லை, இடையில் ரெண்டு தடவை அடி பார்த்தால் போதும். பழம் குழைந்து தண்ணீர் லேசாக வழுவழுப்பாக வரும்போது இறக்கி, பழைய வேட்டித் துணியில் ஊற்றி மூட்டை கட்டித் தொங்கவிட வேண்டும். எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இருக்கிற குழாய்தான் கொக்கி. அடியில் ஒரு பாத்திரம். ராத்திரி கட்டிவிட்டால் காலையில் அரை லிட்டருக்கு மேல் சாறு இறங்கியிருக்கும்.

மூட்டையைப் பிழியவே கூடாது என்று எல்லாக் குறிப்பிலும் சொல்லியிருக்கும். அது ஜெல்லிக்கான கட்டுப்பாடு. ஜெல்லி கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும் என்பதால் அப்படி. நாம் போடப்போவது மசித்த பழம் கலந்த ஜாம், கலங்கினால் ஒன்றும் குடிமுழுகாது. கடைசியில் மூட்டையை உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி எடுப்பதுதான் என் வழக்கம். அந்தக் கடைசிச் சாறுதான் கனமாக இருக்கும்.

சாற்றில் பெக்டின் போதுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மருந்துக்கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் கிடைக்கும். சின்னக் கண்ணாடி டம்ளரில் ஆறின சாறு ஒரு ஸ்பூன், அதோடு ஸ்பிரிட் ரெண்டு ஸ்பூன் ஊற்றி, ஆட்டாமல் சாய்த்து, ஒரு நிமிஷம் விட்டுப் பாருங்கள். ஒரே கட்டியாகத் திரண்டு, ஃபோர்க்கால் தூக்கினால் மொத்தமாக எழும்பி வந்தால் அருமையான சாறு. துண்டு துண்டாக உடைந்து மிதந்தால் இன்னும் பத்து நிமிஷம் கொதிக்கவைத்து வற்றவிட வேண்டும். பார்த்த மாதிரியை அப்படியே கொட்டிவிட வேண்டும், ஸ்பிரிட் விஷம். நாக்கில் வைக்கவே கூடாது. அந்த டம்ளரைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துச் செய்யுங்கள்.

துணியில் மிஞ்சுகிற கொய்யாச் சக்கையை யாரும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். கண் சல்லடையில் தேய்த்தால் விதை மேலே நின்று கூழ் கீழே இறங்கும். கூழுக்கு முக்கால் பங்கு சீனி, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் நெய் விட்டு, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளறித் தட்டில் கொட்டி வில்லை போட்டால் அது தனிப் பண்டம். அல்வா ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு இது பிடிக்காமல் போகாது. எங்கள் அத்தைக்கு ஜாம் மேல் பெரிய அபிப்பிராயம் கிடையாது, "ரொட்டிக்குத் தொட இவ்வளவு பாடா" என்பார்கள். ஆனால் இந்த வில்லை அவர்கள் தட்டில்தான் முதலில் தீரும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மாம்பழம், கொய்யா, எலுமிச்சை மூன்றும் ஒரே நேரத்தில் மலிவாக இருப்பதில்லை. மாம்பழம் சித்திரை, வைகாசியில் குவிந்து ஆனிக்குள் அடங்கும். அந்த நேரத்தில் எலுமிச்சை விலையைக் கேட்கவே பயமாக இருக்கும். புளியங்குடிச் சந்தைதான் நம் பக்கத்து எலுமிச்சைக்கு விலை சொல்கிற இடம்; கோடையில் ஊரெல்லாம் சர்பத்துக்கும் ஊறுகாய்க்கும் இழுப்பதால் அங்கே விலை ஏறினால் பாளையங்கோட்டையில் ஒரு பழத்துக்கே கணக்குப் பார்க்க வேண்டும். மழை பிடித்துவிட்டால் அதே பழம் குவியல் குவியலாகக் கிடக்கும். கொய்யாவின் பெரிய வரத்து மழைக்கு முன்னும் பின்னும். ஒரே நாளில் மூன்றையும் வாங்கி ஜாம் போட்டால், எதாவது ஒன்றுக்கு அநியாய விலை கொடுத்தே தீர வேண்டும்.

ஃப்ரீசரை ஜாம் வைக்கிற பெட்டியாக மட்டும் பார்த்தால் இந்த நஷ்டம் தெரியாது. நான் ஃப்ரீசரில் முதலில் சேர்ப்பது எலுமிச்சைச் சாறு. ஐப்பசி, கார்த்திகையில் எலுமிச்சை மலிந்ததும் வாங்கிப் பிழிந்து ஐஸ் டிரேயில் ஊற்றி, உறைந்ததும் கட்டிகளைக் கழற்றிக் கவரில் போட்டு வைத்துவிடுவேன். அடுத்தது கொய்யாச் சாறு. கொய்யா வரத்து இருக்கிறபோது மேலே சொன்னபடி காய்ச்சி, அரை லிட்டர் டப்பாக்களில் உறையவைத்துவிடலாம். உறைந்து உருகினாலும் அதன் பிடிப்புப் போகாது. இந்த இரண்டும் கையிருப்பில் இருந்தால், மாம்பழம் மலிகிற வாரத்தில் மாம்பழமும் சீனியும் மட்டும்தான் செலவு. ஜாம் போடுகிற வேலையும் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும்.

பழம் வாங்குகிற நேரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மகாராஜநகர் உழவர் சந்தைக்குக் காலையில் போனால் பழம் பார்க்க அழகாக இருக்கும், விலை பலகையில் எழுதினபடி. ஜாமுக்கு அந்த அழகு தேவையில்லை. சாயங்காலம் குட்டியானை வண்டியில் மாம்பழம் வைத்து விற்கிறவர்கள் இருட்டும் நேரத்துக்குக் கணக்கை முடிக்கப் பார்ப்பார்கள். மறுநாள் தாங்காத பழுத்த பழம் அடியில் கிடக்கும். "யக்கா, பொழுது போயிட்டு, இது பூராவையும் மொத்தமா எடுத்துக்கிடுங்க, கொறச்சுப் போட்டுத் தாரேன்" என்று அவர்களே கூப்பிடுவார்கள். கொய்யாவுக்குச் சொன்னதற்கு நேர் எதிராக, ஜாமில் பச்சையாகச் சேர்க்கிற பழம் நன்றாகக் கனிந்திருக்க வேண்டும். வேக வைத்து ருசி ஏற்ற வழி இல்லை. பழத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் டப்பாவில் வரும்.

அதற்காக அழுகலை வாங்கிவிடக் கூடாது. அடிபட்டுக் கறுத்த இடம் என்றால் ஒரு விரற்கடை சேர்த்தே அரிந்து எறிந்துவிட்டு மீதியை எடுக்கலாம். பூசணம் பூத்தது, கள்ளு வாடை அடிப்பது என்றால் முழுப் பழமும் குப்பைக்கு. இங்கே கொதிக்கவைப்பது இல்லை என்பதால் இந்த விஷயத்தில் தாட்சண்யமே கூடாது. மாம்பழத்தில் ராஜபாளையம் பக்கத்துச் சப்பட்டை வந்தால் அதுதான் என் முதல் தேர்வு, நார் இல்லாமல் வெண்ணெயாக மசியும். பங்கனப்பள்ளியும் நல்லது. கடைசியில் வருகிற நீலம் ருசியானது, விலையும் குறைவு, ஆனால் கொட்டையில் வண்டு இருக்கும், அறுத்துப் பார்த்து எடுங்கள். நாட்டு மாம்பழத்தின் ருசிக்கு ஈடு இல்லை. நார் மட்டும்தான் தொல்லை, சல்லடையில் தேய்த்துவிட்டால் அதுவும் தீர்ந்தது.

போடுகிற முறை இது. அரை லிட்டர் கொய்யாச் சாறு, முக்கால் கிலோ சீனி, அரைக் கிலோ மசித்த மாம்பழம், ரெண்டு எலுமிச்சையின் சாறு. மாம்பழம் ஒரு கிலோ வாங்கினால் தோலும் கொட்டையும் போக அரைக் கிலோவுக்குக் குறையாமல் தேறும். மிக்ஸியில் அடிக்காதீர்கள். மிக்ஸி காற்றை ஏற்றி நுரையாக்கிவிடும். அந்த நுரை ஜாமின் மேலே வெள்ளையாக ஒதுங்கி நிற்கும், பழமும் குழந்தைக்கு ஊட்டுகிற கூழாகிவிடும். பருப்பு கடைகிற மத்தால் பாத்திரத்திலேயே மசித்தால் இடையிடையே சின்னத் துண்டுகள் கிடக்கும். ரொட்டியில் தடவும்போது அந்தத் துண்டு பல்லில் படுவதுதான் ருசி. மசித்ததும் எலுமிச்சைச் சாற்றில் பாதியைச் சேர்த்துக் கலந்து மூடி வையுங்கள், நிறம் மாறாது.

இப்போது கொய்யாச் சாற்றையும் சீனியையும் அகலமான பாத்திரத்தில் சேர்த்து அடுப்பில் வைக்க வேண்டும். சீனி கரையும்வரை சின்னத் தீ, அப்புறம் நல்ல தீ. அகலமான பாத்திரம் என்றால் சீக்கிரம் வற்றும், கேஸ் மிச்சம். முதலில் வருகிற நுரை பெரிய பெரிய குமிழியாக, சளசளவென்று இருக்கும். வற்ற வற்றக் குமிழி சின்னதாகிச் சத்தம் கனத்துப்போகும். அந்தச் சத்தம் மாறினதும் பக்கத்தை விட்டு நகராதீர்கள். கரண்டியை முக்கித் தூக்கிப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் மாதிரி ஓடினால் ஆகவில்லை. விளிம்பில் ரெண்டு சொட்டு தனித்தனியாகத் தொங்கி, பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து தகடாக விழுந்தால் பதம் வந்துவிட்டது. வெப்பமானி இருக்கிறவர்கள் 105 டிகிரி செல்சியஸ் பார்க்கலாம். இல்லாதவர்கள் ஒரு எவர்சில்வர் தட்டை ஃப்ரீசரில் வைத்துக் குளிரவைத்து அதில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தள்ளிப் பார்த்தால் மேல்தோல் சுருங்கும்.

அடுப்பை அணைத்துவிட்டு, கொதி அடங்க ஒரு நிமிஷம் பொறுத்து, மசித்த மாம்பழத்தையும் மீதி எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்து மூன்று நான்கு நிமிஷம் ஒரே சீராகக் கலக்க வேண்டும். பாகின் சூடு பழத்தைச் சூடாக்கும், ஆனால் கொதிக்கவைக்காது. நிறம் மங்காமல் அப்படியே நிற்கும். ஆறினதும் டப்பாக்களில் ஊற்றி மூடிவிட வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகளில் 24 மணி நேரம் வெளியில் வைக்கச் சொல்வார்கள், கெட்டியாகிப் பதம் வர. அவர்கள் ஊர்க் குளிருக்கு அது சரி. கத்தரி வெயிலில் நம் அடுப்படியில் அவ்வளவு நேரம் வைக்கக் கூடாது. ஆறினதுமே ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் ஒரு நாள் வைத்துவிட்டு அப்புறம் ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். இது கடை ஜாம் போல வெட்டி எடுக்கிற மாதிரிக் கட்டியாக வராது. தடவ இலகுவாக, தோசையில் ஊற்றினால் ஓடாத அளவுக்கு நிற்கும். அதற்கு மேல் கெட்டி வேண்டுமென்றால் பழத்தையும் சேர்த்துக் காய்ச்ச வேண்டியதுதான், அப்போது அது வேறு ஜாம்.

எலுமிச்சை ருசிக்காக மட்டும் சேர்ப்பது இல்லை. புளிப்பு இல்லாவிட்டால் பெக்டின் பிடிக்காது, சீனி எவ்வளவு கொட்டினாலும் பாகாகவே நிற்கும். பப்பாளியில் இது ரொம்ப முக்கியம். வருஷம் பூராவும் மலிவாகக் கிடைக்கிற பழம் பப்பாளி. நல்ல நிறம், ஆனால் புளிப்பே கிடையாது. புளிப்புக் குறைந்த பழத்தில் கிருமி வளரவும் சுலபம். அதனால் பப்பாளிக்கு எலுமிச்சையை இரட்டிப்பாக்கி, எலுமிச்சைத் தோலின் பச்சையைக் கொஞ்சம் சீவிச் சேர்த்தால்தான் அது ஜாமாக மணக்கும். பாதிப் பப்பாளி, பாதி அன்னாசி என்று கலந்தால் அதைவிட நல்லது. செங்கோட்டை வழியாகக் கேரளத்திலிருந்து வருகிற அன்னாசி, வரத்து அதிகமாக இருக்கும்போது கைக்கு எட்டுகிற விலைக்கு வரும். அன்னாசியைப் பச்சையாகச் சேர்த்தால் நாக்கு அரிக்கும் என்கிறவர்கள், துருவி ஐந்து நிமிஷம் கொதிக்கவைத்துவிட்டுச் சேர்க்கலாம்.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருகிற பன்னீர் திராட்சைக்குத் தோல்தான் நிறம், தோல்தான் மணம். அதைப் பச்சையாக மசித்தால் தோல் வாயில் நிற்கும். பழத்தைப் பிதுக்கிச் சதையைத் தனியாக எடுத்து விதை நீக்கிக்கொண்டு, தோலை மட்டும் கொய்யாச் சாற்றோடு சேர்த்துக் கொதிக்கவைத்து வடிகட்டினால் பாகே கருஞ்சிவப்பாக வரும். சதையைக் கடைசியில் பச்சையாகச் சேர்க்கலாம்.

நாவல் பழம் ஆனி, ஆடியில் குற்றாலச் சீசனோடு சேர்ந்தே வரும். இதில் கை வேலை அதிகம். ஒவ்வொரு பழமாகக் கிள்ளிக் கொட்டையை எடுக்க வேண்டும். நகக்கண்ணில் ஏறின ஊதா ரெண்டு நாளைக்குப் போகாது. ஆனாலும் வருஷத்துக்கு ஒரு முறையாவது நாவல் ஜாம் போட்டுப் பாருங்கள் என்று நான் கெஞ்சியே கேட்பேன். துவர்ப்பும் இனிப்பும் கலந்த அந்த ருசியைக் கடையில் எந்த பாட்டிலிலும் வாங்க முடியாது, வேகவைத்தாலும் அது நிற்பது இல்லை. நாவலுக்குச் சொந்தப் புளிப்பு இருப்பதால் ஒரு எலுமிச்சையே போதும். குற்றாலத்துக் கடைகளில் அதே நேரத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் அடுக்கி வைத்திருப்பார்கள். அவற்றை ஜாமாக்க நான் நினைத்ததே இல்லை. அந்த விலைக்கு வாங்கினால் உரித்த கையோடு சாப்பிடுவதுதான் பழத்துக்கு மரியாதை.

கெட்டியாக்க வேறு எதையாவது போடலாமே என்று பலர் கேட்கிறார்கள். மேலப்பாளையத்துக் கடைகளில் கடல்பாசி (அகர் அகர்) தாராளமாகக் கிடைக்கும். நோன்பு நேரத்தில் அதில் செய்கிற இனிப்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் கடல்பாசி ஃப்ரீசருக்கு ஒத்துவராது. உறைந்து உருகினால் பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் கக்கிவிடும். ஜாம் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். சோள மாவுக்கும் அதே குணம். ஜெலட்டின் போட்டால் வேகவைக்காத அன்னாசியும் வேகவைக்காத பப்பாளிக் கூழும் அதைக் கரைத்துத் தண்ணீராக்கிவிடும், அவற்றில் இருக்கிற நொதியின் வேலை அது. பெக்டினுக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை.

கருப்பட்டி போடலாமா என்பது அடுத்த கேள்வி. உடன்குடிக் கருப்பட்டி வீட்டில் இருக்கும்போது சீனி எதற்கு என்று எங்கள் அத்தையே கேட்டார்கள். கருப்பட்டியின் மணத்துக்கு முன்னால் மாம்பழம் வாய் திறக்காது. பதநீர் இறக்கும்போது கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதால் புளிப்பையும் அது கொஞ்சம் அடக்கும். விலையோ சீனியைப் போலப் பல மடங்கு. கருப்பட்டியைக் காப்பிக்கும் பணியாரத்துக்கும் வைத்துக்கொள்வோம். சீனியைக் குறைத்துப் போட்டால் என்ன ஆகும் என்றால், ஜாம் பிடிக்காமல் இளகும், ஃப்ரீசரில் கல்லாக இறுகும், ஃப்ரிட்ஜில் சீக்கிரம் கெடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது ஏற்ற பண்டம் இல்லை, அவர்கள் பழத்தை அளவாகப் பழமாகவே சாப்பிடுவது நல்லது. ரேஷன் சீனி தாராளமாகப் போதும். பாகில் அழுக்கு தெரிந்தால் பழம் சேர்க்கும் முன் ஒரு தடவை வடிகட்டிக்கொள்ளலாம்.

டப்பா விஷயத்தில் கவனம் வேண்டும். தண்ணீர் உறையும்போது விரியும், அதனால் எந்த டப்பாவானாலும் மேலே அரை அங்குலம் காலி விடுங்கள். கழுத்துச் சுருங்கின கண்ணாடி பாட்டில்கள் ஃப்ரீசரில் விரிசல் விட வாய்ப்பு அதிகம். கண்ணுக்குத் தெரியாத சில்லு ஜாமில் கிடந்தால் என்ன ஆவது? இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பா, அல்லது அடியில் 5 என்று முக்கோணத்துக்குள் போட்ட பிளாஸ்டிக் டப்பா போதும். ஒரு வாரம் பத்து நாளில் தீர்கிற மாதிரி சின்னச் சின்ன டப்பாவாகப் போடுங்கள். பெரிய டப்பாவில் போட்டு அடிக்கடி எடுத்து உருக்கி மறுபடி வைத்தால் ஒவ்வொரு தடவையும் ருசி இறங்கும். மீனும் கறியும் வைக்கிற ஃப்ரீசர் என்றால் மூடிக்கு மேல் ஒரு கவரும் சுற்றிவிடுங்கள், நெத்திலி வாடை ஏறின மாம்பழ ஜாமை யாரும் தொட மாட்டார்கள். மேலே பழத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மைனஸ் 18 டிகிரி இருக்கிற ஃப்ரீசரில் ஒரு வருஷம்வரை இருக்கும் என்பார்கள். நம்மில் பலர் வீட்டில் இருப்பது சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ், அதன் மேல் தட்டு அவ்வளவு குளிர்வது சந்தேகம். ஒரு கப் ஐஸ்கிரீமை ஒரு நாள் வைத்துப் பாருங்கள். ஸ்பூன் இறங்காமல் கல்லாக இருந்தால் நல்ல குளிர். ஸ்பூன் சுலபமாக இறங்கினால் ஜாமை ரெண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். வெளியே எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்த டப்பாவுக்கு மூன்று வாரம் கெடு. ஈர ஸ்பூன் போடாதீர்கள்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பது நம் ஊரில் நியாயமான கேள்வி. மூடினபடியே இருக்கிற, நிறைந்த ஃப்ரீசர் ரெண்டு நாள்வரை குளிரைத் தாங்கும், பாதி காலியாக இருந்தால் ஒரு நாள். சிங்கிள் டோரின் சின்னத் தட்டு அவ்வளவு தாங்காது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது எங்கள் தெருவில் தண்ணீர் ஏறவில்லை, ஆனால் கரண்ட் வர நாளாகிவிட்டது. கரண்ட் வந்து திறந்து பார்த்தபோது பின்பக்கம் நெருக்கி வைத்திருந்த டப்பாக்களில் இன்னும் ஐஸ் ஊசி தெரிந்தது, அவற்றை அப்படியே திரும்ப உறையவைத்தோம். கொஞ்சம் இளகியிருந்தது, மற்றபடி பழுதில்லை. முழுக்க உருகிக் குளிர்ச்சி மட்டும் மிஞ்சியிருந்ததை அந்த வாரமே சாப்பிட்டோம். கீழ்த் தட்டில் ஏற்கெனவே திறந்திருந்த டப்பா குமிழி விட்டுக் கள்ளு வாடை அடித்தது, அது குப்பைக்குப் போனது. பூசணமோ குமிழியோ தெரிந்தால் மேலே வழித்துவிட்டு அடியை வைத்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

செலவைச் சொல்லாமல் விட்டால் பேச்சு முழுசாகாது. செங்காய்க் கொய்யா கிலோ நாற்பது, சீனி முக்கால் கிலோவுக்கு முப்பத்தைந்து, சாயங்கால விலையில் மாம்பழம் ஒரு கிலோ ஐம்பது, மழைக்காலத்து எலுமிச்சை பத்து ரூபாய்க்குள். கேஸையும் சேர்த்து நூற்றைம்பதைத் தாண்டாமல் ஒன்றரைக் கிலோ ஜாமும், அத்தையின் வில்லைக்கு வேண்டிய கொய்யாச் சக்கையும் கிடைக்கும். கடையில் அந்தக் காசுக்கு அரைக் கிலோ பாட்டில் ஒன்று வாங்கலாம். ரேஷன் சீனி கிலோ 25 ரூபாய் என்பதால் அதில் போட்டால் இன்னும் குறையும்.

ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைக்குக் கொடுத்துவிட இது ஆகாது. பாளையங்கோட்டையிலிருந்து சென்னை போய்ச் சேர்வதற்குள் பஸ் சூட்டில் ஜாமின் குளிர்ச்சி முழுக்கப் போய்விடும். அவர்களுக்குப் பழத்தையும் சேர்த்து நன்றாகக் காய்ச்சின ஜாமே போட்டுக் கொடுங்கள். பள்ளிக்கூட டிபனுக்கு ரொட்டியில் தடவிக் கொடுத்தால் மத்தியானம்வரை ஒன்றும் ஆகாது.

ருசி பார்த்தவர்கள் எல்லாம் இதை விற்கலாமே என்கிறார்கள். பக்கத்து வீட்டு மைனி, டப்பா வாங்கித் தருகிறேன், பாதிக்குப் பாதி லாபம் என்று கணக்கே போட்டுவிட்டார்கள். உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஜாம் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமென்றால் பழம் குறைந்தது 45 சதவீதமும், கரைந்திருக்கிற திடப்பொருள் 65 சதவீதமும் இருக்க வேண்டும். நம் ஃப்ரீசர் ஜாமில் சீனி எல்லாம் சேர்ந்தே பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். அதற்கு மேல் பதிவு வாங்க வேண்டும், லேபிள் ஒட்ட வேண்டும், வாங்குகிறவர் வீடுவரை குளிர்ச்சி விடாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மைனிக்கு ரெண்டு டப்பா கொடுத்துவிட்டு, அடுத்த ஐப்பசியில் எலுமிச்சையை ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து வாங்கிப் பிழிவோம் என்று முடிவு செய்திருக்கிறோம்.